வேர் சிகிச்சை

பல்லின் நடுவே உள்ள கூழ் கிருமித் தொற்றால் மீள முடியாதபடி கெட்டுப்போகும்போது, அதை அகற்றிப் பல்லைக் காப்பாற்றும் முறை; ரூட் கெனால் என்றே பலரும் அறிவர். நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த கூழ் கடினமான சுவர்களுக்குள் அடைபட்டிருப்பதால், வீங்க இடமின்றி அழுத்தம் கூடிக் கடும் வலி எடுக்கிறது. கூழ் இறந்தபின் வலி அடங்கலாம். தொற்று அடங்காது, வேர்நுனியைத் தாண்டி எலும்பை அரிக்கும். இரத்த ஓட்டம் நின்றுபோன பல்லுக்குள் மருந்து சென்று சேராது. ஆன்டிபயாடிக் மாத்திரையை மட்டும் நம்பி நாள் கடத்துவது பெருந்தவறு.

மரத்துப்போக ஊசி போட்டு, 1864இல் சான்ஃபோர்ட் பார்னம் அறிமுகப்படுத்திய ரப்பர் விரிப்பால் பல்லைத் தனிமைப்படுத்துவர். நுண்ணிய அரங்களால் வேர்க்குழாய்களைச் சுரண்டி, சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவி, மரப்பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சாவால் அடைப்பர். மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில் நான்காவது குழாய் ஒன்று ஒளிந்திருப்பது சாதாரணம். அதைத் தவறவிட்டால் தொற்று திரும்பக்கூடும். கிருமியற்ற சூழலில் வளர்த்த எலிகளுக்குக் கூழைத் திறந்துவிட்டும் புண் ஆறியதைக் காட்டிய 1965ஆம் ஆண்டு ஆய்வு, சீர்கேட்டுக்குக் காரணம் கிருமிகளே என நிறுவியது. சிகிச்சை முடிந்தபின், கடைவாய்ப் பல் பிளவுபடாதிருக்கப் பெரும்பாலும் உறை போடப்படுகிறது.