வாடையும் சோளகமும்: காங்கேசன்துறைக் கடலின் வானிலை வரலாறு

இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையில் காங்கேசன்துறையின் பெயர் அடிக்கடி வரும். புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை ஒரு கடற்பரப்பு. அங்கிருந்து முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கமாக இன்னொன்று. தீவின் கரை வளையும் வடபகுதி என்பதால் ஊரின் பெயர் எல்லைக்கல்லாகிவிட்டது. எல்லையின் இரு புறமும் ஒரே நாளில் இரண்டு விதமான கடல் இருக்கக்கூடும். அந்தக் கடலை முன்கூட்டி அறியும் முயற்சி இந்தத் துறையில் எப்படி வளர்ந்தது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

கருவிகள் வருமுன் திசையும் மாதமும்தான் கணக்கு. வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவது வாடை, தென்மேற்கிலிருந்து சோளகம், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். காங்கேசன்துறையின் கரை வடக்கு நோக்கியது. ஆகவே சோளகம் நிலத்தின் மேலாகக் கடலுக்குப் போகிறது. கரையோரத்தில் நீர் அடங்கியிருக்கும். அந்த அடக்கம் ஏமாற்றும். இயந்திரம் நின்றுபோன படகைச் சோளகம் கரைக்குத் திரும்ப விடாது, வெளிக்கடலுக்கே தள்ளும். வாடைக்கோ இங்கே மறைப்பே கிடையாது. வங்காள விரிகுடாவின் நீண்ட வெளியில் வளர்ந்த அலை ஆழம் குறைந்த பாக்கு நீரிணைக்குள் நுழைந்ததும் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். சிறு வள்ளத்துக்கு ஆபத்து அலையின் உயரத்தைவிட இந்த நெருக்கத்தில்தான் அதிகம்: ஒன்றில் ஏறி இறங்குமுன் அடுத்தது வந்துவிடும். நீரோட்டமும் பருவத்தோடு திசை மாறுகிறது. வாடைக் காலத்தில் விரிகுடாவிலிருந்து பாக்கு நீரிணைக்குள் வரும் நீர், சோளகக் காலத்தில் எதிர்த்திசையில் ஓடும்.

இதையெல்லாம் எழுதி வைத்தவர்கள் குறைவு. ஓடிக் காட்டியவர்கள் உண்டு. கிழக்கே சில மைல் தொலைவிலுள்ள வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையை அடைந்தது. அதைச் செலுத்தியவர்களில் வல்வெட்டித்துறைக் கடலோடிகளும் இருந்தனர்.

அரசு இந்தக் கரையில் முதலில் வைத்தது வானிலைக் கருவியல்ல, விளக்கு. யாழ்ப்பாணக் குடாநாடு தட்டையான நிலம். கடலிலிருந்து பார்த்துத் திசை பிடிக்க மலையோ குன்றோ இல்லை. அந்தக் குறையை 1893இல் எழுந்த காங்கேசன்துறைக் கலங்கரை விளக்கம் தீர்த்தது. உயரம் சுமார் 22 மீற்றர். ஆனால் விளக்கு கரை எங்கே என்று சொல்லுமே தவிர, நாளைக்குக் காற்று எப்படி என்று சொல்லாது.

அதைச் சொல்லும் கலை அப்போது உலகுக்கே புதிது. பிரித்தானியாவில் வானிலை அலுவலகத் தலைவர் ஃபிட்ஸ்ரோய் தந்தி மூலம் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கியது 1861இல். 1864 ஒக்டோபரில் கல்கத்தாவைப் புயல் அழித்த பின்னர், மறு ஆண்டே அத்துறைமுகத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. 1875இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. நாகப்பட்டினத்தில் இன்றும் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் அந்த மரபின் தொடர்ச்சி. இலங்கையில் 1907இல் கொழும்பு அவதானிப்பு நிலையம் அமைந்தது. சுதந்திரம் பெற்ற 1948இல் தனித் திணைக்களம் உருவானது. உலக வானிலை நிலையங்களின் பட்டியலில் 43400 என்ற எண் காங்கேசன்துறைக்கு உரியது.

எண் இருந்தும் அச்சம் போகவில்லை. 1964 டிசம்பர் 22ஆம் திகதி இலங்கையின் வடபகுதியைக் கடந்த புயல் அன்றிரவே எதிர்க்கரையிலுள்ள தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகே, ஆண்டின் கடைசியில், அத்தனை வலுவான புயல் அபூர்வம். பாக்கு நீரிணையின் இரு கரைகளுக்கும் ஒரே புயல்தான் என்பதை அந்த இரவு காட்டியது.

1990 ஜூனில் வேறொரு முறிவு. காங்கேசன்துறையை உள்ளடக்கிய வலிகாமம் வடக்கின் மக்கள் போரால் இடம்பெயர்ந்தார்கள். துறையும் சுற்றுப்புறமும் உயர் பாதுகாப்பு வலயமாகின. கலங்கரை விளக்கம் சேதமுற்று ஒளியிழந்தது. பக்கத்து மயிலிட்டித் துறைமுகத்துக்கு மக்கள் திரும்பியது 2017இல்தான். இந்த இடைவெளியின் இழப்பை வானிலை வரலாறு எழுதுவோர் போதிய அளவு கணக்கில் எடுப்பதில்லை. கடலறிவு தந்தையோடு படகில் போய்ப் பெறுவது. இருபத்தேழு ஆண்டுகள் முகாமில் இருந்த குடும்பத்தில் ஒரு தலைமுறைக்குச் சொந்தத் துறையின் வாடையைப் படிக்க வாய்ப்பே கிடைக்கவில்லை.

போருக்குள்ளேயே புயல்களும் வந்தன. 2008 நவம்பரில் 'நிஷா' குடாநாட்டை மழையில் மூழ்கடித்துவிட்டுக் காரைக்கால் பக்கம் கரையேறியது. பெயர் சூட்டும் வழக்கம் வட இந்து சமுத்திரத்தில் தொடங்கியது 2004இல். அதனால் இது பெயரோடு நினைவில் நிற்கிறது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை தொட்ட 'புரெவி'யின்போது நிலைமை மாறியிருந்தது. செய்மதிப் படங்கள் கைப்பேசிக்கே வந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் துறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா முகநூலில் எழுதும் முன்னறிவிப்புகளை வடக்கில் பலர் தேடிப் படிக்கிறார்கள். கொழும்பின் அறிக்கையைக் குடாநாட்டின் மொழியில் விளக்கிச் சொல்ல ஆள் கிடைத்திருக்கிறார் என்பதே அதன் செல்வாக்குக்குக் காரணம்.

இத்தனைக்கும் பிறகு 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பற்சேவை தொடங்கியது. சுமார் 60 கடல் மைல் தூரம். 'செரியபாணி' முதல் நாளில் 50 பயணிகளுடன் வந்தது. 20ஆம் திகதியோடு, வடகிழக்குப் பருவக்காற்றைக் காரணம் காட்டி, சேவை நிறுத்தப்பட்டது. வாடை வாசலில் நிற்கும் மாதத்தில் கப்பல் விட்டது யாருடைய கணக்கோ! தவறு வானிலை அறிவியலுடையதல்ல, நாட்காட்டியைப் பார்க்காததுதான். 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி 'சிவகங்கை' மூலம் சேவை மீண்டது; நவம்பரில் மறுபடி நின்று, 2025 பெப்ரவரியில் தொடர்ந்தது. பருவத்தை ஏற்றுக்கொண்டு நிறுத்துவதில் குறையேதும் இல்லை. பயணிகளுக்கு அதை முதலிலேயே அறிவித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய கப்பலுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் கரைக்கும் சேர்த்துச் சொல்லும் அறிக்கை ஓரளவு போதும். கரையிலிருந்து சில மைல் போய் வரும் வள்ளத்துக்கு அது போதாது. காற்று மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதோடு, அது கரையை நோக்கியா கடலை நோக்கியா, அலைகளின் இடைவெளி எவ்வளவு, எத்தனை மணிக்கு மாறும் என்பவையும் அந்தத் துறைக்கென்றே தெரியவேண்டும். காங்கேசன்துறைத் துறைமுகப் புனரமைப்புக்கு இந்தியா 6 கோடியே 15 இலட்சம் டொலர் நன்கொடை தர 2024இல் உடன்பட்டிருக்கிறது. அந்தத் திட்டத்தில் அலைமானிக்கும் காற்றுமானிக்கும் இடம் ஒதுக்கி, அவற்றின் அளவீடுகளை மணிக்கொருமுறை தமிழில் கடற்றொழிலாளர் சங்கங்களுக்குத் தருவதற்கும் வழி செய்யவேண்டும்.