தடுப்பூசியும் இளையோர் இருதயமும்

இலங்கையிலே தடுப்பூசியின் வரலாறு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்டது. 1802ஆம் ஆண்டிலே பம்பாயினின்றும் அம்மைப்பால் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. அக்காலத்தில் இங்கு வைத்தியத் துறைக்குத் தலைமை வகித்த தோமஸ் கிறிஸ்ரி என்பார், வைசூரி இத்தீவில் விளைத்த பேரழிவை ஒரு நூலாக எழுதி 1811இல் வெளியிட்டார். அன்று தொட்டு இன்று வரை, நோயைத் தடுக்க வந்த மருந்து தானும் ஒரு நோயை விளைக்குமோ என்னும் ஐயம் பெற்றோர் உள்ளத்தை விட்டு முற்றாக நீங்கியதில்லை. அவ்வையம் அறியாமையின் பாற்பட்டது என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயினும், அண்மைக் கால வரலாறு ஒன்று அதனைப் பொறுமையோடு நோக்குமாறு நம்மைத் தூண்டுகின்றது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொரோனாத் தொற்றுக் காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரிலே கொட்டாஞ்சேனையும் அதனை அடுத்த வட கொழும்புப் பகுதிகளும் தனிமைப்படுத்தல் ஊரடங்கின் கீழ் வந்தன. நெருங்கிய தோட்டக் குடியிருப்புக்களிலும், வெள்ளவத்தையின் மாடி வீடுகளிலும் பிள்ளைகள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர். 2021 சனவரி 29ஆம் நாள் நாட்டில் தடுப்பூசி வழங்கல் தொடங்கிற்று. சிறுவரின் முறை பின்னரே வந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 24ஆம் நாள், பொரளையிலுள்ள சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில், நாட்பட்ட நோயுடைய 12 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பைசர் ஊசி இடப்படலாயிற்று. ஒக்டோபரில் உயர் வகுப்பு மாணாக்கரும், 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இளைய மாணாக்கரும் அதனைப் பெற்றனர்.

அதற்கு முன்னரே வேறொரு செய்தி உலகெங்கும் பரவியிருந்தது. 2021ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் இஸ்ரேல் நாட்டு வைத்தியர், இரண்டாம் ஊசி பெற்ற இளைஞர் சிலர் நெஞ்சு நோவோடு வைத்தியசாலைக்கு வருதலைக் கண்டனர். அவர்களுக்கு இருதயத் தசையிலே அழற்சி தோன்றியிருந்தது. ஐக்கிய அமெரிக்காவிலும் அவ்வாறே காணப்பட்டது. அவ்வாண்டு யூன் மாத இறுதியில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இவ்வெச்சரிக்கையைத் தடுப்பூசிக் குறிப்பிலே சேர்த்தது. இவ்வூசிகள் வைரசின் ஒரு புரதத்தை ஆக்குதற்கான கட்டளையை மட்டும் உடலின் உயிரணுக்களுக்குக் கொண்டு செல்லும் புதுவகையின. ஆதலின் மக்களின் அச்சம் இருமடங்காயிற்று.

அத்தீங்கு எத்துணைப் பெரிது? அமெரிக்காவில் திரட்டப்பெற்று 2022 சனவரியில் வெளியான கணக்கின்படி, 16, 17 வயது ஆண்பிள்ளைகளில், பைசரின் இரண்டாம் ஊசிகள் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 106 பேர் இவ்வாறு நோயுற்றனர். 12 முதல் 15 வயது வரையிலான ஆண்பிள்ளைகளில் அத்தொகை 71. பெண்பிள்ளைகளில் அது மிகக் குறைவு. எஞ்சிய பல்லாயிரவர்க்கு ஒன்றும் நேரவில்லை. எனினும் நோயுற்ற அந்த ஒரு பிள்ளையின் தாய்க்கு இக்கணக்கு ஆறுதலாகாது. அவளுக்கு வேண்டியது, வைத்தியர் என்ன செய்வார் என்பதே.

வைத்தியர் செய்வது இதுவாகும். ஊசி ஏற்றிய சில நாட்களுக்குள், பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில், நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல், நெஞ்சுப் படபடப்பு ஆகியன தோன்றின், இருதய மின்பதிவு எடுக்கப்படும். இருதயத் தசை ஊறுபட்டால் குருதியிற் கலக்கும் ட்ரோபோனின் என்னும் புரதம் அளக்கப்படும். எக்கோப் பரிசோதனை இருதயம் சுருங்கி விரியும் வலிமையைக் காட்டும், எம்.ஆர்.ஐ. படம் தசையின் வீக்கத்தைக் காட்டும். பிள்ளையை வைத்தியசாலையில் நிறுத்தி, இருதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிப்பர். பெரும்பாலோர்க்கு இபுபுரூபன் போன்ற அழற்சி தணிக்கும் மருந்தும் ஓய்வுமே போதுமாயின. மேற்கூறிய அமெரிக்கக் கணக்கில், வைத்தியசாலையிற் சேர்ந்த 30 வயதுக்குட்பட்டோருள் 87 வீதத்தினர் வீடு திரும்பும்போதே நோவு நீங்கப் பெற்றிருந்தனர். ஆயினும் நோவு தீர்ந்ததும் விளையாட்டு மைதானத்துக்கு ஓடிவிடலாகாது. மூன்று முதல் ஆறு மாதம் வரை கடும் உடற்பயிற்சியைத் தவிர்த்து, மீண்டும் பரிசோதித்த பின்னரே பிள்ளை பந்து தொடலாம். அழற்சியுற்ற தசை கடும் உழைப்பின்போது துடிப்பொழுங்கைக் குலைக்கக் கூடும் என்பதே காரணம்.

அரசுகளும் கைகட்டி நிற்கவில்லை. பிரித்தானியாவும் கொங்கொங்கும் 2021 செப்டெம்பரில், இளஞ்சிறார்க்கு முதற்கண் ஓர் ஊசியே போதும் என்றன. கனடா இரு ஊசிகளுக்கிடைப்பட்ட காலத்தை நீட்டியது. சுவீடன் 2021 ஒக்டோபரில் இளையோர்க்கு மொடேர்னா ஊசியை நிறுத்தி வைத்தது. மறுபுறத்தில், கொரோனாத் தொற்றும் இருதய அழற்சியை விளைக்கும் என்பதையும், மக்கள் யாவரையும் சேர்த்து நோக்கின் ஊசியிலும் தொற்றே அதனை மிகுதியாக விளைத்தது என்பதையும் இங்கிலாந்தின் ஆய்வொன்று காட்டியது. நாற்பது வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு மொடேர்னாவின் இரண்டாம் ஊசி இதற்கு விலக்கு என்பதையும் அவ்வாய்வே மறையாது கூறிற்று.

இது முற்றிலும் புதியதன்று. 2002 திசெம்பர் முதல் அமெரிக்கப் படைவீரர்க்கு வைசூரித் தடுப்பூசி மீண்டும் இடப்பட்டபோது, முதன்முறை பெற்ற 2,30,734 பேருள் 18 பேர்க்கு இருதய அழற்சி கண்டது. உலகிலிருந்து வைசூரியை ஒழித்த அதே அம்மைப்பாலின் வழிவந்த மருந்துதான் அது. நம் நாட்டிலும் 2008 சனவரியில் அறிமுகமான ஐவகை நோய்த் தடுப்பூசி, சில குழந்தைகளின் மரணத்தை அடுத்துச் சில மாதங்களில் நிறுத்தப்பட்டது; நிபுணர் ஆராய்ந்தனர்; 2010இல் அது மீண்டும் வழங்கப்பட்டது.

இந்நிகழ்ச்சிகளால் அறியக் கிடப்பது ஒன்றுண்டு. தீங்கை முதலிற் கண்டவர் வதந்தி பரப்பியோர் அல்லர். நோயாளியின் நெஞ்சிற் கைவைத்துப் பார்த்து, கண்டதைப் பதிந்து அறிவித்த வைத்தியரே. அறிவித்தமையால் எண்ணிக்கை தெரிந்தது. எண்ணிக்கை தெரிந்தமையால் ஊசியின் அளவும் இடைவெளியும் திருத்தப்பட்டன. தீங்கே இல்லை என்று சாதித்திருப்பின் நெஞ்சு நோவோடு வந்த பிள்ளை வெறும் களைப்பென்று திருப்பி அனுப்பப்பட்டிருப்பான். தீங்கைப் பெருக்கிக் கூறி ஊசியை ஒழித்திருப்பின், நாட்பட்ட நோயுடைய பிள்ளைகள் காப்பின்றி நின்றிருப்பர். கொட்டாஞ்சேனைத் தாயும் வெள்ளவத்தைத் தந்தையும் கேட்ட கேள்விக்கு உரிய மறுமொழி, இவ்விரண்டுக்கும் இடைநின்ற உண்மையே. அதனை மறையாது எடுத்துரைக்கும் வைத்தியசாலையையே மக்கள் அடுத்த கொள்ளைநோய்க் காலத்திலும் நம்பி நாடுவர்.