ஓரியூர் வேதசாட்சியும் மறவ நாட்டு அரசியலும்

புனித அருளானந்தர் ஏன் கொல்லப்பட்டார் என்று கேட்டால், "வேதத்திற்காக" என்று நம் வீட்டுச் சிறுவரும் விடை சொல்வர். அது முற்றிலும் உண்மையே. ஆயினும் அன்றைய அரசியலையும் அறிந்தால்தான் அந்த வரலாறு முழுமை பெறும்.

1647-ல் லிஸ்பனில் பிறந்த அருளானந்தர் 1673-ல் இந்தியா வந்தார். அக்காலத்தில் மறவ நாட்டை ஆண்டவர் கிழவன் சேதுபதி. பின்னாளில் தனியே பிரிந்த சிவகங்கைச் சீமையும் அன்று அந்நாட்டின் பகுதியே. 1686-ல் அருளானந்தர் பிடிபட்டுக் கொடிய வதைக்கு உள்ளானார். எனினும் சேதுபதி அவரைக் கொல்லவில்லை. தம் நாட்டில் போதிக்கலாகாது எனத் தடைவிதித்து விடுவித்தார்.

அப்படியானால் ஏழு ஆண்டுகளுக்குப் பின் மரண தண்டனை ஏன்? நோயிலிருந்து குணமடைந்த தடியத்தேவர் 1693 ஜனவரி 6-ல் ஞானஸ்நானம் பெற்றார். இவர் அரியணைக்கு உரிமை உடையவர். ஒரே மனைவியுடன் வாழ உறுதிபூண்டு மற்ற மனைவியரை விலக்கினார். அவர்களுள் ஒருத்தியான கடலாயி சேதுபதியின் உறவுப் பெண். அவள் பட்ட அவமானம் மெய்யானது; அவளது முறையீடு அரண்மனைக்கு எட்டியது. போட்டியாளர் ஒருவர் கிறிஸ்தவர்களின் ஆதரவைப் பெற்றுவிடுவாரோ என்ற அச்சமும் அதனுடன் சேர்ந்தது. தலைநகரில் கொன்றால் கலகம் மூளக்கூடும் என்றெண்ணி அருளானந்தரை ஓரியூருக்கு அனுப்பினர். அங்கே பிப்ரவரி 4-ல் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

சமயமும் அரியணையும் இவ்வாறு பின்னிக்கொள்வது நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. இஸ்லாம் தோன்றுமுன், தென் அரேபியாவின் இம்யார் நாட்டை யூத மதம் தழுவிய அரசன் து நுவாஸ் ஆண்டான். கிறிஸ்தவர்களைக் கடலுக்கு அப்பால் உள்ள எத்தியோப்பிய அரசின் ஆட்களாகவே அவன் கண்டான். 523-ல் நஜ்ரான் நகரக் கிறிஸ்தவர் பலர் கொல்லப்பட்டனர். அவர்களின் தலைவர் அரேத்தாவைத் திருச்சபை அக்டோபர் 24-ல் நினைவுகூர்கிறது. 525 அளவில் எத்தியோப்பிய மன்னன் காலேப் படையெடுத்து அந்நாட்டை வென்றான். அங்கே இரத்தத்திற்கு விடையாக வந்தது வாள்.

ஓரியூரிலோ எந்தப் படையும் வரவில்லை. பழிவாங்க எவரும் வாளேந்தவில்லை. வேதசாட்சியின் இரத்தம் சிந்திய மண் திருத்தலமாயிற்று. 1947 ஜூன் 22-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார். செம்மண் எடுக்க அங்கு வருவோர் கிறிஸ்தவர் மட்டுமல்லர். பிற சமயத்துச் சகோதரரும் வருகின்றனர்.

ஆகவே யூபிலி கொண்டாடும் நாம் அருளானந்தரை நினைக்கும்போது, எந்தச் சாதியின்மீதும் எந்தச் சமயத்தின்மீதும் கசப்பு வளர்க்கலாகாது. வேதத்தை அரசியலுக்குக் கருவியாக்குவோர் எப்பக்கம் நின்றாலும் அவர்களுக்கு இடங்கொடாதிருப்போமாக. அதுவே அவருக்கு நாம் செலுத்தும் மெய்யான வணக்கம்.