ஒரு பேர், அரைப் பேர்: மலையகத்துப் பெண்பிள்ளைகளின் வேலைக் கணக்கு

இலங்கைப் பெண்கள் வேலைக்குப் போவது குறைவு என்ற பேச்சு வருசா வருசம் வரும். பேச்சுக்குக் காரணமும் இருக்கு. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் தொழிற்படை ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை செய்பவர்களையும் வேலை தேடுபவர்களையும் சேர்த்ததுதான் தொழிற்படை. 2022இல் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 70.5 வீதம் அதற்குள் இருந்தார்கள். பெண்களில் 32.1 வீதம்தான். அடுத்த வருசம் அதுவும் 31.3க்கு இறங்கியது. இளையவர்கள் பக்கம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். 15க்கும் 24க்கும் இடைப்பட்டவர்களின் வேலையின்மை, நாட்டின் மொத்த வேலையின்மையைவிடப் பல மடங்கு. அதிலும் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்குத்தான் கூடுதல்.

அதே ஆய்வு நாட்டை மூன்றாகப் பிரிக்கிறது: நகரம், கிராமம், தோட்டம். தோட்டம் என்ற வரியைப் பார்த்தால் கதை மாறிவிடும். தொழிற்படையில் இருக்கும் பெண்களின் வீதம் மற்ற இரண்டையும்விட அங்கே எப்போதும் உயரத்தில்தான் நிற்கும். தோட்டத்தையே பார்க்காத ஒருவர் அந்த வரியை மட்டும் வாசித்தால், இந்த நாட்டிலேயே அதிகம் முன்னேறிய பெண்கள் லயத்தில் இருப்பவர்கள்தான் என்று நினைத்துக்கொள்வார்.

நாம அப்படி நினைக்கமாட்டோம். ஆனால் ஏன் அப்படி இல்லை என்று கேட்டால், சட்டென்று பதில் சொல்லவும் வராது. அந்த உயரமான வீதம் எப்படி உண்டானது என்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக் கதை இருக்கு.

கோப்பிக்கு ஆம்பளை, தேயிலைக்குக் குடும்பம்

கண்டிக்கு 1867இல் ரயில் வந்தது. நாவலப்பிட்டிக்கு 1874இல் வந்தது. அங்கிருந்து மேலே ஏறி நானுஓயாவைத் தொட 1885 ஆகிவிட்டது. அதனால் பத்து வருசம் போல நாவலப்பிட்டிதான் மேல்நாட்டுக்கான கடைசி ஸ்டேஷன். மலைக்குப் பின்னால் இருந்த தோட்டங்களின் கோப்பி மூட்டைகள் இங்கேதான் இறங்கின. நம்ம டவுன் டவுனானது அந்த மூட்டைகளால்தான்.

கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் ஆண்கள். கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவம் உண்டு. அந்தச் சில மாதங்களுக்குத்தான் ஆள் நிறைய வேண்டும். வந்தார்கள், பறித்தார்கள், பிழைத்திருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது வருசத்துக்குள் கோப்பி அழிந்து, அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. இதே கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே தேயிலை போட்டிருந்தார்.

தேயிலையின் குணம் வேறு. வருசம் முழுக்கக் கொழுந்து வரும். ஒரு வாரம், பத்து நாளைக்கு ஒருக்கால் அதே மலைக்குத் திரும்பிப் போய் எடுக்கணும். விட்டால் முற்றிப்போகும். ஆகவே வந்துபோகும் ஆள் சரிப்படாது, அங்கேயே இருக்கிற ஆள் வேண்டும். அதுவும் நிறைய வேண்டும், மலிவாக வேண்டும். கங்காணிமார் குடும்பம் குடும்பமாக ஆள் கட்டத் தொடங்கியது அதனால்தான். கவ்வாத்து, கான் வெட்டு, பெக்டரி வேலை ஆண்களுக்கு. கொழுந்து பெண்களுக்கு. பெண்ணின் விரல் மென்மையானது, அதனால் கொழுந்துக்குப் பெண்தான் பொருத்தம் என்று சொல்லப்படும் கதையை எல்லோரும் கேட்டிருப்போம். விரலைவிடச் சம்பளப் பட்டியல் உண்மையைச் சொல்லும்.

மூன்று விலை

1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி நிர்ணயித்த நாட்கூலி, தோட்டம் இருந்த உயரத்தைப் பொறுத்து, ஆணுக்கு 50 முதல் 54 சதம், பெண்ணுக்கு 40 முதல் 43 சதம், சிறுவருக்கு 30 முதல் 32 சதம். மூன்றாவது விலையைக் கவனியுங்கள். சிறுவருக்கென்று சட்டமே ஒரு கூலி வைத்திருந்தது. அப்படியென்றால் நம்ம கொள்ளுப்பாட்டிமார் ‘இளைஞர்’ என்ற வயதுக்கு வருவதற்கு முன்பே தொழிலாளி ஆகிவிட்டார்கள். படிப்பு முடித்து, வேலை தேடி, பிறகு வேலைக்குப் போகிற ஒரு பருவமே அவர்கள் வாழ்க்கையில் இருக்கவில்லை. வேலையின்மை எப்படி வரும்?

தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்குப் பெயர் ‘பேர்’. எடை சரியாக வந்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப் பேர். பேரைப் போடும் புத்தகம் பெண்ணின் கையில் இருந்ததில்லை. கங்காணி ஆண், கணக்கப்பிள்ளை ஆண், துரை ஆண். சம்பள நாளில் மனைவியின் காசையோ மகளின் காசையோ வீட்டு ஆம்பளையே கைநீட்டி வாங்குவதும் நீண்ட காலம் வழக்கமாக இருந்தது. உழைப்பு அவளுடையது, பேரும் அவளுடையது, காசு கடைசியாகத்தான் அவளிடம் வரும், வந்தால்.

இதற்கு எதிராகப் பேசியவர்கள் இல்லாமல் இல்லை. கோ. நடேசய்யர் 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கான சங்கத்தைத் தொடங்கியபோது, அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடியும் பேசியும் எழுதியும் பெண்களைச் சேர்த்தார். அதே 1931இல் இந்த நாட்டில் பெண்களுக்கும் வாக்குரிமை வந்தது. ஆனால் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த வருசச் சட்டங்களும் மலையகத் தமிழரில் பெரும்பாலானவர்களின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. இதன் விளைவைப் பெரும்பாலும் தேர்தலோடு மட்டும் பேசுகிறோம். வேலைக் கணக்கிலும் அது பெரிய அடி. பிரஜை இல்லாதவருக்கு அரசாங்க வேலை இல்லை. ரயில் நம்ம டவுன் வழியாகத்தான் ஓடியது, ஆனால் ரயில்வே வேலைக்கு லயத்துப் பையன் விண்ணப்பம் போட முடியாது. அவனுக்கும் அவன் தங்கைக்கும் திறந்திருந்த கதவு ஒன்றுதான், அது மலைக்குப் போகிற கதவு.

கிராமத்துக்கு வேலை இல்லை, தோட்டத்துக்கு வேறு வேலை இல்லை

1971 ஏப்ரலில் தெற்கில் இளைஞர் கிளர்ச்சி வெடித்தது. இலவசக் கல்வியில் படித்து வேலை கிடைக்காமல் இருந்த கிராமத்துச் சிங்கள இளைஞர்கள்தான் அதில் பெரும்பாலும் இருந்தார்கள். அதே வருசம் டட்லி சியர்ஸ் தலைமையில் சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு ஒன்று வந்து, படித்தவர்கள் எதிர்பார்க்கும் வேலைக்கும் நாட்டில் இருக்கும் வேலைக்கும் இடையிலான இடைவெளியைப் பற்றி அறிக்கை எழுதியது. இலங்கையில் இளைஞர் வேலையின்மை என்று யார் பேசினாலும் அந்த அறிக்கையைத் தொடாமல் போகமாட்டார்கள்.

நம்ம பக்கத்தில் அந்த இடைவெளியே உண்டாகவில்லை. காரணம் வேலை இருந்ததல்ல, எதிர்பார்க்க விடவில்லை என்பதுதான். 1945க்குப் பிறகு நாடு முழுக்க இலவசக் கல்வி வந்தபோதும், 1960களின் தொடக்கத்தில் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும், தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. 1970களின் பிற்பகுதியில்தான் அவை அரசின் கைக்கு வந்தன. அதுவரைக்கும் ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்பு. அண்ணன் படிக்கட்டும், நீ தம்பியைப் பார்த்துக்கொள் என்று பெண்பிள்ளையை முதலில் நிறுத்துவார்கள். பிறகு அவள் அம்மாவோடு மலைக்குப் போவாள்.

அந்த எழுபதுகள் கண்டிப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பொல்லாத காலம். 1972இலும் 1975இலும் நிலச்சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1973, 74இல் பஞ்சம். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறின. 1977 கலவரத்துக்குப் பிறகு பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். இத்தனைக்கும் நடுவில் கொழுந்து எடுக்கிற வேலை மட்டும் நிற்கவில்லை. பெண்களின் வேலை வீதமும் விழவில்லை.

சமமான சம்பளம், சமமில்லாத நாள்

1984 ஏப்ரலில் தோட்டத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. அதன் பலனாக ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி வந்தது. சின்ன வெற்றி இல்லை அது. நாட்டின் எத்தனையோ கூலி வேலைகளில் இன்றைக்கும் பெண்ணுக்கு ஒரு விலை, ஆணுக்கு ஒரு விலைதான்.

ஆனால் நாள் சமமாகவில்லை. ஆண்களுக்குக் கொடுக்கும் கணக்கு வேலை மதியத்தோடோ அதற்குச் சற்றுப் பின்னோ முடிந்துவிடும். கொழுந்துக்காரிக்கு மாலை எடை முடியும்வரை மலைதான். பிறகு பிள்ளைக் காம்பராவில் இருந்து பிள்ளையைத் தூக்கணும், தண்ணி, விறகு, சமையல். தொழிற்படை ஆய்வுக்கு இந்த இரண்டாவது பாதி தெரியாது. ஒரு வாரத்தில் ஒரு மணித்தியாலம் கூலிக்கோ இலாபத்துக்கோ வேலை செய்தாலே நீங்கள் ‘வேலை உள்ளவர்’. வீட்டில் பத்து மணித்தியாலம் உழைத்தாலும் நீங்கள் தொழிற்படைக்கு வெளியே. ஆய்வின் விதிகளே ஒரு வரலாறு: 2013க்கு முன்பு வரை 10 வயதில் இருந்தே தொழிற்படையைக் கணக்கெடுத்தார்கள், அதற்குப் பிறகுதான் 15.

அக்காமார் இறங்கிய பாதை

எண்பதுகளில் இருந்து பாடசாலைகள் மெல்ல மெல்ல நிமிர்ந்தன. 1988, 2003 சட்டங்களால் நாடற்றவர் பிரச்சினை தீர்ந்தது. ஆசிரியர் நியமனங்கள் வந்தன. பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்குப் போன அக்காமாரில் பலர், தங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண்கள். இன்னொரு பக்கம் 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது, ஆடைத் தொழிற்சாலைகள் இளம் பெண்களைத்தான் தேடின. மத்திய கிழக்குக்கும் வழி திறந்தது. 1990களின் நடுவில் நாட்டில் இருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் ஏறத்தாழ நால்வரில் மூவர் பெண்கள், பெரும்பாலும் வீட்டு வேலைக்கு. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்து, சின்னப் பிள்ளை உள்ள தாய்மாரை அரசு தடுத்தது. அப்படிப்பட்ட அறிக்கையை எந்தத் தகப்பனிடமும் கேட்கவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் டொலர் தேவைப்பட்டபோது அந்தத் தடையும் தளர்ந்தது.

பையன்களின் பாதை வேறு. கொழும்புக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள், கட்டட வேலை. மலையில் நிற்பது கௌரவக் குறைவு என்று பையன்கள் முதலில் இறங்கினார்கள். 1992இல் தோட்டங்கள் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனபோது மூன்று இலட்சத்துக்கு மேல் இருந்த பதிவுத் தொழிலாளர், இன்று அதில் பாதிக்கும் குறைவு. மிஞ்சியிருப்பவர்களில் பெரும்பகுதி நம்ம அம்மா வயதுப் பெண்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். இளம் மலையகப் பெண்ணின் வேலை வீதம் அவள் பாட்டி காலத்தைவிட இறங்கினால், அது நட்டமா? 17 வயதுப் பிள்ளை ஏ.எல். படிப்பதால் இறங்கினால் அது நம்ம வெற்றி. அதே பிள்ளை ஏ.எல். முடித்து, 22 வயதில், டவுன் துணிக்கடையில் ஊழியர் சேமலாப நிதியும் இல்லாமல் நின்றபடி வேலை செய்வதால் வீதம் ஏறினால், அதைக் கொண்டாட ஒன்றுமில்லை. படித்த பெண்ணுக்கு வேலையின்மை கூட என்று ஆய்வு சொல்வதையும் இந்த வெளிச்சத்தில் வாசிக்கணும். வேலையில்லாதவள் என்று எண்ணப்படுவதற்குக்கூட, கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறொன்றைத் தேட முடிகிற நிலை வேண்டும். அந்த நிலை நம்ம அம்மாயிக்கு இருக்கவில்லை. அதனால்தான் அவளுடைய வீதம் அவ்வளவு உயரம்.

ஆகவே வீதத்தைப் பார்க்கும்போது நாம கூடவே மூன்றைக் கேட்கலாம். எத்தனை வயதில் வேலைக்குப் போனாள்? வேண்டாம் என்று சொல்ல அவளால் முடிந்ததா? காசு யார் கைக்குப் போனது? இந்த மூன்று கேள்விக்கும் எந்த ஆய்வு அட்டவணையிலும் நிரல் இல்லை. ஆனால் பதில் தெரிந்தவர்கள் நம்ம வீட்டில் இன்னும் இருக்கிறார்கள். அப்பாயியிடம், அம்மாவிடம், அக்காவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் அதே கேள்விகளைப் போட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று தலைமுறைக்கு ஆறு பெயர் வந்தாலே போதும், தோட்டம் என்ற அந்த ஒற்றை வரிக்குள் இருந்தது யார் யார் என்று தெரிய ஆரம்பிக்கும். எழுதினால் எங்களுக்கும் அனுப்புங்கள், சேர்த்துப் பார்ப்போம்.