மூக்கடைப்பும் காது, தொண்டைப் பாதிப்பும்

மூக்கின் உட்சவ்வு வீங்கிச் சளி மிகும்போது, அதன் தொல்லை காதுக்கும் தொண்டைக்கும் பரவும். பெங்களூருவில் இந்த மூக்கு வீக்கத்துக்கு நன்கு அறியப்பட்ட காரணங்களுள் ஒன்று பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த இக்களையைக் கர்நாடகத்தில் காங்கிரஸ் புல் என்பார்கள். காலிமனை, தண்டவாளம், சாலையோரம் என எங்கும் முளைக்கும். இதன் மகரந்தம் ஒவ்வாமை மூக்கழற்சியை உண்டாக்குவதை இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 1980களில் இந்நகரிலேயே ஆராய்ந்தனர். ‘பெங்களூரு குளிர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று குளிரின்மேல் மட்டும் பழிபோடுவது முழு நியாயமாகாது.

மூக்கின் பின்புறத்தை நடுச்செவியோடு இணைப்பது யூஸ்டேஷியன் குழல். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறந்து, செவிப்பறையின் இருபுறமும் காற்றழுத்தத்தைச் சமமாக்கும். சளிபிடித்து அதன் வாய் வீங்கினால் நடுச்செவியில் அழுத்தம் குறையும். செவிப்பறை உள்ளிழுக்கப்பட்டுக் காது அடைக்கும். பெங்களூருவிலிருந்து விமானத்தில் வருபவர் சென்னையில் இறங்கும்போது காது விண்ணென்று தெறிப்பது இதனால்தான். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம்; எனவே திரும்பிப்போய் அங்கே இறங்கும்போது அழுத்தமாற்றம் குறைவு.

குழந்தைகளுக்கு இக்குழல் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் நடுச்செவியில் எளிதில் நீர் கோத்துக் காது மந்தமாகும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை அசட்டைக்காரன் என்று திட்டுமுன் காதைப் பரிசோதிப்பது நல்லது.

தொண்டைக்குள் வடியும் சளி கரகரப்பையும், படுத்தவுடன் வரும் இருமலையும் தரும். வாயால் மூச்சுவிடுவதால் காலையில் தொண்டை வறண்டிருக்கும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது உதவும். நீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்கவேண்டும். மூக்கடைப்பு நீக்கும் சொட்டுமருந்தை நாள்கணக்கில் தொடர்ந்தால் அடைப்பு முன்னிலும் மோசமாகும்.