சூழல்சார்பு, குவாண்டம்: செய்தித்தொடர்பில் அதன் பயன்

ஓர் அளவீட்டின் விடை, அதைச் செய்யும் சூழல் எதுவாயினும் மாறாமல் முன்பே பொருளில் உறைந்திருக்கிறது என்று கொள்ள முடியாத நிலை குவாண்டம் சூழல்சார்பு எனப்படும்.

சுவிஸ் கணிதவியலாளர் எர்ன்ஸ்ட் ஸ்பெக்கர் 1960இல் இக்கருத்தை ஓர் அசீரியக் கதையால் விளக்கினார். நினிவே ஞானி ஒருவர் தம் மகளை மணக்க வருவோரிடம் மூன்று பெட்டிகளைக் காட்டி, எதில் மணி உண்டு, எது வெற்று என்று கணிக்கச் சொல்கிறார். பின், இரண்டிலும் உண்டு அல்லது இரண்டிலும் இல்லை என அவர்களே கணித்த இரு பெட்டிகளைத் திறக்கச் செய்கிறார். எப்போதும் ஒன்றில் மணி இருக்கும், மற்றது வெற்றாக இருக்கும். குவாண்டம் இயற்பியல் இவ்வளவு தூரம் செல்வதில்லை. ஆயினும் 1967இல் சைமன் கோச்சனும் ஸ்பெக்கரும் 117 அளவீட்டுத் திசைகளைக் கொண்டு சூழல்சார்பின் தேற்ற வடிவை நிறுவினர். ஜான் பெல்லின் 1966ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் இதையொத்த முடிவு இருப்பதால், மூவர் பெயராலும் தேற்றத்தை வழங்குவோர் உளர். 1996இல் நாற்பரிமாணத்தில் 18 திசைகளே போதுமெனக் காட்டப்பட்டது.

ஒரு குவாண்டம் பிட்டிலிருந்து ஒரு பிட்டுக்கு மேல் செய்தி பெற முடியாது என்பது 1973இல் ஹோலெவோ கண்ட வரம்பு. அவ்வரம்புக்குள்ளேயே சூழல்சார்பால் பயன் உண்டு என்பதை ராபர்ட் ஸ்பெக்கன்ஸ் குழுவினர் 2009இல் காட்டினர். அனுப்புநரிடம் இரு பிட்டுகள் உள்ளன. அவற்றில் ஏதேனும் ஒன்றைப் பெறுநரிடம் கேட்பார்கள்; எது என்பது அனுப்புநருக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றா வேறா என்பதைச் செய்தி சிறிதும் வெளிப்படுத்தக் கூடாது. முதல் பிட்டை மட்டும் அனுப்பினால் பாதி வேளைகளில் உறுதியான விடையும், மீதியில் வெறும் ஊகமும் கிடைக்கும். சராசரி வெற்றி 75 விழுக்காடு. சூழல்சாராத எந்த மாதிரியும் இதைத் தாண்டாது. குவாண்டம் பிட் ஒன்றை அனுப்பினால் வெற்றி ஏறத்தாழ 85.4 விழுக்காடு. 00, 11 ஆகியவற்றுக்குரிய நிலைகளின் சமக் கலவையும் 01, 10 ஆகியவற்றின் சமக் கலவையும் எந்த அளவீட்டாலும் பிரித்தறிய முடியாதவை. எனவே இரண்டும் ஒன்றா வேறா என்பதை வெளிப்படுத்தக் கூடாது என்ற விதியும் மீறப்படுவதில்லை. ஒளித்துகள்களின் முனைவாக்கத்தைக் கொண்டு செய்த சோதனை இதை உறுதிப்படுத்தியது.

இங்கு சூழல்சார்புக்குக் கொள்ளப்படுவது 2005இல் ஸ்பெக்கன்ஸ் விரிவாக்கிய வரையறை. அதைக் கோச்சன்–ஸ்பெக்கர் கருத்தின் இயல்பான வளர்ச்சி என்பாரும் தனிக்கருத்து என்பாரும் உளர்.

கோச்சன்–ஸ்பெக்கர் வகைச் சூழல்சார்பும் செய்தித்தொடர்பின் செலவைக் குறைக்கும் என்று அதான் கபெயோ உள்ளிட்டோர் 2023இல் வெளியிட்டனர்.