பாட்டி திருவண்ணாமலை, தாத்தா ஸ்காட்லாந்து? கரீபியன் சொந்தங்கள் வேரைத் தேடுவது எப்படி?

ரமணாசிரமம் எதிரே செங்கம் ரோட்டுல டீ குடிச்சிட்டு இருக்கீங்க. பக்கத்துல உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டுக்காரர், "நான் கயானா. என் பாட்டியோட பாட்டிக்கு இந்த ஊர்ப்பக்கம்னு சொல்வாங்க. தாத்தா வழியில ஸ்காட்லாந்து ரத்தமும் இருக்காம். எங்க போய் விசாரிக்கலாம்?"னு கேட்டா, என்ன சொல்வீங்க? ஆசிரமம், மலை, கிரிவலப் பாதை எல்லாத்துக்கும் வழி சொல்லத் தெரியும். இதுக்கு?

இதோ, அதுக்கான வழிகாட்டி.

யார் இவங்க?

அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1838 மே 5-ல் 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்' கப்பல்களில் முதல் இந்தியக் கூலிகள் பிரிட்டிஷ் கயானாவில் இறங்கினாங்க. அதற்கு ஏற்பாடு செய்த தோட்ட முதலாளி ஜான் கிளாட்ஸ்டன், ஸ்காட்லாந்தின் லீத் நகரில் பிறந்தவர். ஆக, இந்தக் கதையில் ஸ்காட்லாந்து முதல் நாளிலிருந்தே இருக்கு.

அந்தக் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து போனவை. பிறகு மெட்ராஸிலிருந்தும் ஆட்கள் போனாங்க. பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப்புக்கு புதுச்சேரி, காரைக்கால் வழியா கப்பல்கள் கிளம்பின. குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 இந்தியர்கள் போனாங்க. அதில் தமிழர்கள் ஏராளம்.

பெயர்தான் முதல் க்ளூ... முதல் குழப்பமும்!

எழுதிக்கொண்ட கிளார்க் காதில் எப்படி விழுந்ததோ, அப்படித்தான் பெயர். சிதம்பரம் 'சிதாம்பரோம்' ஆச்சு, முத்துசாமி 'முத்துசமி' ஆச்சு. அப்பா பெயர் பிள்ளைக்குக் குடும்பப் பெயரா ஒட்டிக்கிச்சு. வெஸ்ட் இண்டீஸ் ஸ்பின்னர் வீராசாமி பெருமாள், கயானாவின் பிரதமரா இருந்த மோசஸ் நாகமுத்து... இந்தப் பெயர்களைக் கேட்டாலே நமக்கு ஊர் ஞாபகம் வருதுல்ல?

அதனால தேடும்போது, பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. ஸ்பெல்லிங்கை நம்பாதீங்க. வீட்டு வழிபாட்டையும் கேளுங்க. கயானாவின் காளி கோயில்கள் 'மதராஸி' வழக்கம்னே அறியப்படுது. குவாதலூப்பில் மாரியம்மனோடு நாகூர் ஆண்டவரையும் 'நாகூர் மீரா'ன்னு கும்பிடுறாங்க. பேச்சு மறந்த வீட்டிலும் சாமி மறக்கலை.

தங்கச் சாவி: எமிகிரேஷன் பாஸ்

1. உங்களிடமிருந்து பின்னோக்கிப் போங்க. பெற்றோர், தாத்தா, பாட்டி, கொள்ளுத் தாத்தான்னு ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ் வேணும். நடுவில் ஒரு படியைத் தாண்டினா வேற குடும்பத்துக்குள்ள போயிடுவீங்க.

2. கப்பல் பெயர், வந்த வருஷம், பதிவு எண் கண்டுபிடிங்க. கயானாவுக்கு ஜார்ஜ்டவுனில் வால்டர் ராட்னி ஆவணக் காப்பகம், டிரினிடாடுக்கு அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகம். பிரெஞ்சுத் தீவுகளின் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் இருக்கும் காலனி ஆவணக் காப்பகம் ஆன்லைனில் இலவசமாவே வெச்சிருக்கு.

3. அந்த விவரங்களை வெச்சு பாஸைத் தேடுங்க. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள தழும்பு வரை அதில் இருக்கும். நூறு வருஷம் கழிச்சு ஊர் பெயர் கிடைப்பது பெரும்பாலும் இந்த ஒரு தாளில்தான்.

ஒரு உஷார்: 'மெட்ராஸ்'னு இருந்தா அது கப்பல் ஏறிய இடம், பிறந்த ஊர் இல்லை. தெலுங்கு பேசினவங்களும் அங்கிருந்துதான் ஏறினாங்க. இன்னொண்ணு, 19-ம் நூற்றாண்டில் திருவண்ணாமலை தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1989-ல்தான். 'சவுத் ஆர்காட்'னு பாஸில் பார்த்துட்டு கடலூரில் மட்டும் தேடினா கோட்டை விட்டுருவீங்க.

ஸ்காட்லாந்து தாத்தா நிஜமா?

இருக்கலாம். கயானாவின் பெர்பிஸ் பகுதியில் அல்னெஸ், ஃபைரிஷ், கில்டோனன்னு ஸ்காட்லாந்து ஊர்ப் பெயர்கள் இன்னும் இருக்கு. தோட்ட முதலாளிகளிலும் மேற்பார்வையாளர்களிலும் ஸ்காட்லாந்துக்காரங்க நிறைய.

ஆனா குடும்பப் பெயர் ஸ்காட்டிஷ்ஷா இருப்பது ஆதாரம் ஆகாது. முதலாளி பெயர் அடிமைகளுக்கு ஒட்டிக்கிட்டது உண்டு. மதம் மாறும்போது புதுப் பெயர் வாங்கினவங்களும் உண்டு. டிரினிடாடில் கனடாவின் பிரெஸ்பிட்டேரியன் மிஷன் 1868-லிருந்து இந்தியர்கள் மத்தியில் வேலை செஞ்சது.

மறுபக்கம், மேற்பார்வையாளருக்கும் கூலிப் பெண்ணுக்கும் பிறந்த குழந்தைக்குப் பல நேரம் பதிவேட்டில் அப்பா பெயரே இருக்காது. அதிகாரம் முழுக்க ஒரு பக்கம் இருந்த தோட்டத்தில், அதை எப்போதும் காதல்னு சொல்லிட முடியாது. 1903-ல் 'கிளைட்' கப்பலில் கர்ப்பிணியாகத் தனியே கயானா போன தன் கொள்ளுப்பாட்டியைத் தேடி, 'கூலி வுமன்' என்ற புத்தகமே எழுதினார் பத்திரிகையாளர் கையுத்ரா பகதூர். பல கேள்விகளுக்குக் காப்பகத்தில் பதிலே இல்லைங்கிறதையும் அதில் மறைக்காம எழுதியிருக்கார்.

தேட நினைச்சா, தோட்ட முதலாளிகள் விவரத்துக்கு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் அடிமை முறை குறித்த டேட்டாபேஸ் இருக்கு. 'ஸ்காட்லாந்ஸ் பீப்பிள்' என்ற அரசு இணையதளத்தில் 1553-லிருந்து சர்ச் பதிவேடுகள், 1855-லிருந்து அரசுப் பதிவேடுகள் இருக்கு.

டி.என்.ஏ டெஸ்ட் போதுமா?

போதாது. ஐந்து தலைமுறைக்கு முந்தைய ஒருத்தரின் பங்கு சராசரியா 3 சதவிகிதம்தான். சதவிகிதக் கணக்கு ஊரைச் சொல்லாது. ஆனா டெஸ்ட் எடுத்த தூரத்துச் சொந்தங்களின் லிஸ்ட் கிடைக்கும். அவங்க குடும்ப மரமும் உங்க மரமும் ஒரே பெயரில் சந்திச்சா, அது வலுவான தடயம்.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?

டிரினிடாட் வாழ் இந்திய வம்சாவளியினருக்கு ஆறாவது தலைமுறை வரை ஓ.சி.ஐ கார்டு தரப்படும்னு 2025 ஜூலையில் பிரதமர் அறிவிச்சார். சொந்தத்தைக் காட்ட பேப்பர் வேணும். அதைவிடப் பெருசா ஒண்ணு இருக்கு. குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதாம்பரம், அங்குள்ள இந்தியர்களுக்குக் குடியுரிமை கேட்டு 1904-ல் ஆரம்பித்த போராட்டம் 1923-ல்தான் முடிஞ்சது. பிறந்த மண்ணிலேயே 'நீ யாரு'ன்னு கேட்கப்பட்டவங்களின் வாரிசுகள்தான் இன்னிக்கு நம்ம ஊர் டீக்கடையில் வந்து விசாரிக்கிறாங்க.

அதனால, பொன்னம்மாங்கிற ஒரு பெயரை மட்டும் வெச்சு, "அதோ அந்த கிராமம்தான்"னு ஆசைக்குச் சொல்லிடாதீங்க. அவங்க அழுது, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போவாங்க, தப்பான மண்ணை. "பாஸ் இருக்கா?"ன்னு கேளுங்க. இருந்தா தாலுகா பெயரைச் சரியா வாசிச்சுச் சொல்லுங்க. இல்லைன்னா, சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு வழி சொல்லுங்க. டீ காசை மட்டும் நீங்க கொடுத்துடுங்க. சொந்தக்காரங்களா இருந்தாலும் இருக்கலாம்!